கட்டைப்பையோடு ஒரு நடை

எங்கள் தெருவில் சும்மா நடக்க முடியாது. ஓடினால் விட்டுவிடுவார்கள், வீட்டில் பால் திரிந்திருக்கும் என்று. நின்றால் தண்ணீர் லாரிக்கு நிற்கிறாள். வாசற்படியில் உட்கார்ந்தால் மின்சாரம் போயிருக்கிறது. ஆனால் ஒரு நாற்பத்தெட்டு வயதுக்காரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தால், திருமுல்லைவாயிலின் பாதி ஜன்னல்கள் திறந்துகொள்ளும். "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்கும். வெளியூர்க்காரர்கள் அதை நலம் விசாரிப்பு என்று நினைக்கலாம். எங்கள் தெருவில் அது கேள்வி. பதில் சொல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

எனக்கோ நடக்கச் சொல்லி எழுதியே கொடுத்திருந்தார்கள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. இருபது வருடமாக ஏறி இறங்கும் அதே காலை மின்சார வண்டி, அதே பெண்கள் பெட்டி, அதே கம்பி. பாரிமுனைப் பக்கம் இருக்கும் என் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அம்பத்தூர் தாண்டியது. யாரும் இடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. திடீரென்று என் நெஞ்சுக்குள் யாரோ ஒரு பாத்திரக்கடையைக் கவிழ்த்தார்கள். காது அடைத்தது. கை வியர்த்துக் கம்பி வழுக்கியது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. இதோ, இந்தக் கல்லூரிப் பெண்ணின் முதுகுப்பைக்கும் இந்த அம்மாவின் மல்லிகைப்பூவுக்கும் நடுவில், டப்பாவில் எலுமிச்சைச் சோறு ஆறுவதற்கு முன்பாக. பட்டரவாக்கத்தில் இறங்கி சிமெண்டு பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாகவில்லை. ஆனால் அடுத்த வண்டியில் ஏறவும் இல்லை. மறுநாள் ஏறவில்லை. அதற்கு மறுநாளும்.

இதய மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா உங்க ஹார்ட்டு" என்றார், பரீட்சையில் தேறிய பிள்ளையிடம் சொல்வதுபோல. என் கணவருக்கு அது போதும். அவருக்கு உலகத்தில் ஒரே நோய்தான், அது வாயு. "கேஸ்தான். நான் அப்பவே சொன்னேன்" என்று ஓமத்தண்ணீர் காய்ச்சினார். ஒரு வாரம் ஓமத்தண்ணீராகக் குடித்தேன். வாயு போயிருக்கலாம். வண்டி மட்டும் வந்துகொண்டே இருந்தது, படுத்தால் தலையணைக்குள் ஓடியது.

கடைசியில் அம்பத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். சின்ன வயசுப் பெண். என் கதையை நடுவில் புகாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "தினமும் முக்கால் மணி நேரம் வேகமா நடங்க. கூட வர்றவங்களோட பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த வேகம். நெஞ்சு வேகமா அடிச்சா ஆபத்தில்லைங்கிறது உங்க உடம்புக்கு மறந்துபோச்சு. நடந்து நடந்து அதுக்கு ஞாபகப்படுத்தலாம். நாலு வாரம் கழிச்சு ஒரே ஒரு ஸ்டேஷன் வண்டியில போயிட்டு வாங்க. மாத்திரை தேவைப்பட்டா சேர்த்துக்கலாம், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல."

அலுவலகத்தில் எட்டு வாரம் விடுப்பு கொடுத்தார்கள். எட்டு வாரத்துக்குள் நான் வண்டியில் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் வேலையை விட வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. என்னை என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள், நடக்க! பிறந்த பதினோராம் மாதத்திலிருந்து நான் செய்துவருகிற வேலை. இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

முதல் நாள் கணவர் வாங்கிக்கொடுத்த வெள்ளைக் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் இஸ்திரி வண்டி. அந்த வண்டிக்காரரைத் தாண்டாமல் எங்கள் தெருவில் ஒரு கொசுகூட வெளியே போனதில்லை. இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார்.

"இன்னா யக்கா, சுகரா?"

"இல்லண்ணா. சும்மாதான்."

"சும்மா யாரு யக்கா ஷூ போடுவா? எவ்ளோ கீது?"

"சுகரெல்லாம் இல்லண்ணா."

"அப்ப பிபி." தீர்ப்பு எழுதிவிட்டு மறுபடி பெட்டியை எடுத்தார்.

நான் திரும்பி வருவதற்குள் எனக்கு சர்க்கரை என்று தெரு முடிவு செய்திருந்தது. மாலையில் எதிர்வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் பாகற்காய்ச் சாறு கொண்டுவந்தாள். மாடி வீட்டிலிருந்து வெந்தயப் பொடி வந்தது. மூன்றாம் வீட்டுப் பெரியவர் ஆவாரம்பூவைக் காகிதத்தில் மடித்து அனுப்பினார். சர்க்கரை இல்லை என்றேன். அப்போ தைராய்டா என்றார்கள். எங்கள் தெருவில் மரியாதையான நோய்கள் ஒரு ஐந்தாறு உண்டு. அவற்றில் ஒன்றை ஒப்புக்கொண்டால் நிம்மதியாக விட்டுவிடுவார்கள். மனசு அந்தப் பட்டியலில் இல்லை. மனசுக்கு என்று சொல்லிப்பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கு என்ன சாறு கொண்டுவருவார்கள் என்று யோசித்ததும் பயம் வந்தது.

அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போய் நடக்கலாம் என்று கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். அங்கே காலணிக் கூட்டம் கரை முழுக்க. தண்ணீர் விடியலை அப்படியே விழுங்கிவிட்டுச் சும்மா கிடந்தது. அந்த ஏரியைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை மட்டும் யாரும் எங்கே கிளம்பினாய் என்று கேட்பதில்லை. நாற்பது அடி நடந்திருப்பேன். "ஏய், நீயா! எவ்ளோ சுகர்?" என்றது பழைய பள்ளித்தோழியின் குரல்.

அன்றுதான் கட்டைப்பையைக் கண்டுபிடித்தேன்.

கண்டுபிடித்தேன் என்றால், அது சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஏதோ கல்யாணப் புடவை எடுத்தபோது துணிக்கடையில் கொடுத்த பை, இரண்டு பக்கமும் கட்டை வைத்த கைப்பிடி, கடையின் பெயர் துவைத்துத் துவைத்து அழிந்துவிட்டது. மறுநாள் காலணியைக் கழற்றிப்போட்டேன், செருப்பை மாட்டினேன், அந்தப் பையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"இன்னா யக்கா, கடைக்கா?"

"ஆமாண்ணா, கடைக்கு."

அவ்வளவுதான். தெருவே ஒதுங்கி வழிவிட்டது. கையில் கட்டைப்பை இருக்கிற பெண் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எவ்வளவு வேகமாகவும் போகலாம். நான் ரயில்பாதையோரமாகவே அண்ணனூர் பக்கம் நடந்தேன். அந்த வழியில் மின்சார வண்டிகளை நிறுத்தி வைக்கிற பணிமனை இருக்கிறது. கத்தியைக் கண்டு பயப்படுகிறவனைக் கசாப்புக்கடை வழியாக நடக்கச் சொன்ன மாதிரி என்று முதலில் தோன்றியது. ஆனால் பாருங்கள், அங்கே என்னை விழுங்க வந்த வண்டி வாயை மூடிக்கொண்டு வரிசையில் நிற்கிறது, ஒருவர் நீளக் கழியில் பிரஷ்ஷைக் கட்டி அதன் விலாவைத் தேய்க்கிறார், அழுக்குத் தண்ணீர் ஒழுக ஒழுக அது எருமையைப்போல் அசையாமல் காட்டிக்கொண்டு நிற்கிறது. வேலிக் கம்பி வழியாகத் தினமும் பார்த்தேன். குளிப்பாட்டுகிறவர்கள் இருக்கிற ஒரு ஜந்துவை அவ்வளவு தூரம் வெறுக்க முடியவில்லை.

மூன்றாம் நாளே இஸ்திரிக்காரர் மடக்கிவிட்டார்.

"யக்கா, போசொல்லவும் வெறும் பை, வரசொல்லவும் வெறும் பை. கட மூடிக்கினாங்களா?"

அதிலிருந்து எதையாவது வாங்கியே தீர வேண்டும் என்றாயிற்று. எலுமிச்சம்பழம்தான் கனமில்லாதது என்று தினமும் நான்கு வாங்கினேன். பத்து நாளில் வீட்டில் எங்கே கை வைத்தாலும் எலுமிச்சம்பழம் உருண்டது. கணவர் அலமாரியில் சட்டை எடுத்தார், இரண்டு விழுந்தன.

"நமக்கு ஏதாவது செய்வினை வெச்சிருக்காங்களா?" என்றார். அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்று நம்புகிறேன்.

ஆகவே எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து குனிந்து, "எப்படியும் நடந்துதான போற, அப்படியே எனக்கு ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கினு வாடி" என்றபோது எனக்கு வரம் கிடைத்த மாதிரி இருந்தது. எலுமிச்சம்பழத்திலிருந்து விடுதலை! அந்த 'அப்படியே' என்ற சொல்லின் ஆழம் அப்போது எனக்குத் தெரியவில்லை. அப்படியே கொத்தமல்லி. அப்படியே மிக்சி ஜாருக்கு பிளேடு மாற்றணும். அப்படியே இந்த மருந்துச் சீட்டு. அப்படியே ரெண்டு ஜெராக்ஸ். அப்படியே புடவைக்கு ஃபால்ஸ். தெருவுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. 'யாராவது அண்ணனூர் பக்கம் போறீங்களா?' என்று யாரோ கேட்க, 'எலுமிச்சம்பழ மேடம் போவாங்க' என்று இன்னொருவர் பதில் போட்டிருந்தார். ஒரு வாரத்தில் புகார்கூட வந்தது: 'நேத்து கருவேப்பிலை வாடி இருந்துச்சு.' அதற்கு ஏழு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் கோபம் வந்த அன்றைக்கு இரண்டு கிலோ சின்ன வெங்காயமும் ஒரு தேங்காயும் ரிப்பேர் ஆன ஜாரும் சுமந்துகொண்டு பெரியவருக்குத் தயிர் புளிப்பதற்குள் சேர்க்கவேண்டிய அவசரத்தில் நடந்து வந்தவள், சாப்பிட்டுப் படுத்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது காலை. ஒன்றரை மாதத்தில் முதல்முறையாகத் தலையணைக்குள் வண்டி ஓடவில்லை. எழுந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தேன். வெளியே எதிர்வீட்டுத் தொட்டிச் செம்பருத்தி ஒன்று, நேற்றும் அங்கேதான் இருந்திருக்கும், இன்று சிவப்பாக இருந்தது.

கவலை போய்விட்டதா என்றால் இல்லை. கவலையும் என்னோடு நடக்க வந்தது. ஆனால் அதற்கு என் அளவு மூச்சு இல்லை. முதல் கால் மணி நேரம் காதோடு பேசிக்கொண்டே வரும், பணிமனை தாண்டுகிறபோது பின்தங்கும், திரும்பிவருகையில் எங்கேயோ டீக்கடையில் உட்கார்ந்திருக்கும். வீட்டு வாசலில் மறுபடி வந்து சேர்ந்துகொள்ளும்தான். இருந்தாலும் அந்த நடுவிலுள்ள அரை மணி நேரம் எனக்கே எனக்கு.

வண்டிதான் மசியவில்லை. ஐந்தாம் வாரம் நிலையத்துக்குப் போனேன். வண்டி வந்தது, நின்றது, போயிற்று. நான் நடைமேடையில் ஒட்டவைத்த மாதிரி நின்றேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், படிக்கட்டருகே பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏறலியாம்மா?"

"அடுத்த வண்டிக்கு வெயிட் பண்றேன்."

"அடுத்த வண்டியும் இதே மாரிதாம்மா இருக்கும்" என்றாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

ஆறாம் வாரம் போயிற்று. ஏழாம் வாரமும். ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் எழுதிப்பார்த்தேன். 'சொந்தக் காரணங்களால்' என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் ஒரு வார்த்தையும் வரவில்லை.

இதற்கு நடுவில் எதிர்வீட்டு அக்காவின் மகளுக்கு நிச்சயதார்த்தம் குதிர்ந்தது. என் விடுப்பின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை, நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில், பத்தரைக்கு. மணப்பெண்ணுக்கு மாம்பழ நிறப் பட்டு, அதற்குக் கை முழுக்க ஆரி வேலை செய்த அரக்கு ரவிக்கை. தைப்பது அண்ணனூர் நிலையத்தருகே இருக்கிற டெய்லர் பாய். பூந்தமல்லிக்காரர், அவர் கத்தரி பட்ட துணி உடம்பில் உட்காரும், ஒட்டாது. "நீ எப்படியும் அந்தப் பக்கம் போற, அப்படியே துணியையும் அளவு ஜாக்கெட்டையும் குடுத்துட்டு வந்துடு" என்றாள் அக்கா. அப்படியே நானும் அந்த விசேஷத்துக்கென்று ஒரு பச்சை ரவிக்கைத் துணியும், என் அளவுக்குப் பழைய ரவிக்கை ஒன்றும் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே கட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை இரண்டும் தைத்து வந்தன. அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வந்து என்னுடையதைப் போட்டுப்பார்த்தேன். தொளதொளவென்று இருந்தது! இடுப்பில் இரண்டு விரல் போகிறது, தோளில் வழிகிறது. ஏழு வாரம், ஒரு நாள் விடாமல் நடந்ததன் பலன். கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கணவரைக் கூப்பிட்டேன்.

"பாருங்க, எவ்ளோ இளைச்சிருக்கேன்!"

அவர் தள்ளி நின்று, கிட்ட வந்து, மறுபடி தள்ளி நின்று பார்த்தார். "மூஞ்சில தெரியலியே" என்றார்.

"உங்களுக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு?" என்று சொல்லிவிட்டு நான்கு ஊக்கு குத்திக்கொண்டேன். வண்டியில் ஏற முடியாவிட்டால் என்ன, எனக்கு இடுப்பு வந்துவிட்டது என்று தூங்கப் போனேன்.

ஞாயிறு காலை எட்டேகாலுக்கு எதிர்வீட்டிலிருந்து ஒரு அலறல். ஓடினேன். மணப்பெண் பாதி ரவிக்கையோடு நிற்கிறாள். ஒரு கை உள்ளே போயிருக்கிறது, இன்னொன்று முழங்கைக்கு மேல் ஏற மறுக்கிறது. ஆரி வேலைக் கைகள் இரும்புக் குழாய் மாதிரி இறுகியிருந்தன. அக்கா இழுக்கிறாள். பெண் அழுகிறாள், கண் மை கன்னத்துக்கு வந்துவிட்டது.

"ஒரு வாரமா சாப்பாட்டுல கை வெக்காதேன்னு சொன்னேனே, கேட்டியா?" என்கிறாள் அக்கா.

"நான் இட்லிகூட ரெண்டுதாம்மா சாப்பிட்டேன்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் போட்டிருந்த பச்சை ரவிக்கை என் தோளிலிருந்து மெல்ல நழுவி அதை உறுதிசெய்தது. பையில் இரண்டு அளவு ரவிக்கை. இரண்டு துணி. எதன்மேல் எதை வைத்துக் கொடுத்தேன்? நான் இளைக்கவே இல்லை. பெண்ணின் அளவில் எனக்கும், என் அளவில் பெண்ணுக்கும் தைத்திருக்கிறது.

"அக்கா, தப்பு என்னுதுதான். அளவ மாத்திக் குடுத்துட்டேன்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஏழு வாரக் கொத்தமல்லியும் வாடியது. "ஒன்ன நம்பினேன் பாரு. எதுக்குடி நீ அந்த நட நடக்குற? வேலைய ஒழுங்கா பார்க்கத்தான?"

டெய்லர் பாயைக் கூப்பிட்டோம். "உள்ள ஒன்றர இஞ்ச் துணி வுட்டுக்கீறேன், பிரிச்சு தச்சுர்லாம். உடனே எத்துக்கினு வாங்க" என்றார். விடியற்காலை மழை. குழாய் பதிக்கத் தோண்டிய அண்ணனூர் சாலை குளமாகக் கிடந்தது, ஆட்டோ வராது. என் கணவருக்கு அன்று ஷிப்ட். அக்கா வீட்டு ஆண்கள் எல்லாரும் மண்டபத்தில். நடந்து போனால் போக நாற்பது நிமிடம், வர நாற்பது, நடுவில் தையல் வேறு; பத்தரைக்குள் நடக்காது. தெருமுனையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். இஸ்திரிக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் இருந்தார்.

"இன்னாத்துக்கு இவ்ளோ யோசன? ட்ரெய்ன்ல குந்துனா மூணு நிமிசம் யக்கா. ஒரே ஸ்டேஷன்."

ஒரே ஸ்டேஷன். டாக்டர் சொன்ன அதே ஒரு ஸ்டேஷன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என்னால் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்பார்கள். ரவிக்கையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு அந்தப் பெண் ஜன்னலில் நின்றிருந்தாள். பையை நீட்டினேன், அக்கா ரவிக்கையை உள்ளே போட்டாள்.

நிலையப் படியைத் தாண்டும்போது பூக்கார அம்மா நிமிர்ந்தாள். அவளைப் பார்க்காமல் போனேன். வண்டி வந்தது. கட்டைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்னால் போன ஒரு பட்டுப்புடவையின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். ஏறிய பிறகுதான் ஏறிவிட்டேன் என்று தெரிந்தது. வண்டி நகர்ந்தது. நெஞ்சுக்குள் பாத்திரக்கடையின் முதல் குண்டான் விழுந்தது. இது பணிமனையில் குளிக்கிற அதே வண்டி, அதே எருமை என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது குண்டான். வெங்காயம் சுமந்த அன்றும் இப்படித்தான் அடித்துக்கொண்டது, சாகவில்லை. மூன்றாவது.

"எங்க போறீங்க?" என்றாள் பக்கத்தில் நின்றவள். வாயில் வெற்றிலை.

ஏழு வாரமாக எந்தக் கேள்விக்குப் பயந்து ஒளிந்தேனோ அதே கேள்வி. ஆனால் இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. எப்பேர்ப்பட்ட பதில்! நிச்சயம், ஆரி வேலை, அளவு மாறியது, பெண் அழுதது. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். அவள் நடுவில் "ஐயையோ" என்றாள். "அப்பறம்?" என்றாள். அப்புறத்துக்குள் அண்ணனூர் வந்துவிட்டது.

டெய்லர் பாய் கடையைப் பாதி திறந்து, மிஷினில் நூல் கோத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ரவிக்கையைப் புரட்டிப் பக்கத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"நான் அப்பவே நெனச்சேம்மா. கல்யாணப் பொண்ணு அளவு சின்னதா கீது, ஆண்ட்டி அளவு பெருசா கீதேன்னு. கேக்குறது மரியாத இல்லன்னு வுட்டுட்டேன்."

"நீங்க கேட்டிருக்கலாம் பாய்."

"சரி, உங்களுது தொளதொளன்னு இருந்திருக்குமே, அப்பகூடவா தெரியல?"

"இளைச்சுட்டேன்னு நெனச்சேன்."

பாய் மிஷினை நிறுத்தினார். காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டார். தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். "அல்லாவே" என்றார். "அல்லாவே. முப்பது வருஷமா தைக்கிறேம்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தைக்கத் தொடங்கினார். இரண்டு தையலுக்கு ஒருமுறை தோள் குலுங்கியது. நானும் சிரித்துவிட்டேன். நெஞ்சு வேகமாகத்தான் அடித்தது. சிரித்தாலும் அப்படித்தான் அடிக்கும் போலிருக்கிறது.

திரும்புகிற வண்டியில் கூட்டம். முகூர்த்த ஞாயிறு, பெண்கள் பெட்டி முழுக்கப் பட்டும் பூவும். பையிலிருந்து ஒரு ஆரிக் கை எட்டிப்பார்த்தது.

"எங்கங்க தச்சீங்க?" என்றாள் ஒருத்தி. எடுத்துக் காட்டினேன். அவ்வளவுதான், ரவிக்கை கைமாறிக் கைமாறிப் பெட்டியின் மறுகோடிவரை போயிற்று.

"வேல சுத்தமா இருக்கு. ஆனா பின் கழுத்து இவ்ளோ எறக்கமா?"

"இப்பல்லாம் அப்படித்தாங்க. எம் மருமக முதுகே வெக்கறதில்ல."

"டெய்லர் நம்பர் சொல்லுங்க."

நான் நம்பரைச் சொன்னேன். கூடவே தொளதொளத்த பச்சை ரவிக்கையின் கதையையும் சொல்லி, நான்கு ஊக்குகளையும் காட்டினேன். வண்டிச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படிச் சிரித்தார்கள். ஒரு அம்மா என் தோளில் அடித்தே சிரித்தாள். ரவிக்கை என் கைக்குத் திரும்பி வந்து, அதை மடித்துப் பையில் வைத்து நிமிர்ந்தால், ஜன்னலில் அம்பத்தூர் என்று மஞ்சள் பலகை.

ஒரு ஸ்டேஷனுக்கு ஏழு வாரம் நடுங்கியவள், இறங்க மறந்து அடுத்த ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

குதித்து இறங்கினேன். மணி பத்தாகப் போகிறது. பயப்பட நேரமில்லை, மேம்பாலம் ஏறி இறங்கி எதிர்ப்பக்கம் ஓடினேன். கால் ஓடியது, ஏழு வாரம் வெங்காயம் சுமந்த கால். வந்த வண்டியில் ஏறினேன். அன்று அது மூன்றாவது வண்டி என்பதே பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. திருமுல்லைவாயிலில் இறங்கி மண்டபம் வரை ஓடினேன், ஊக்கில் ஒன்று வழியில் விழுந்தது.

மணமகள் அறையில் பெண் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையைப் போட்டாள். உட்கார்ந்தது, ஒட்டவில்லை. வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. கடைசிக் கொக்கியை மாட்டிக்கொண்டே அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் கைப்பேசியில் 'அம்பத்தூரில் இருக்கிறேன், இதோ வந்துவிட்டேன்' என்று நான் ஓடும்போது அனுப்பிய செய்தி இருந்தது.

"ஏண்டி, அண்ணனூர்னுதான சொன்னோம்? அம்பத்தூருக்கு எதுக்குப் போன?"

மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"சும்மா" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சும்மாவா! யாராவது சும்மா அம்பத்தூருக்குப் போவாங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே பெண்ணை வெளியே அழைத்துப் போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை. கைப்பையும் சாப்பாட்டு டப்பாவுமாகக் கிளம்பினேன். கவலையும் கூடவே கிளம்பியது, அதை வரவிட்டு நடந்தேன். தெருமுனையில் பெட்டி நின்றது.

"இன்னா யக்கா, பைய காணோம்?"

"ஆபீசுக்குண்ணா."

"அண்ணனூர் பக்கமா?"

"எதிர்ப்பக்கம். பாரிமுனை."

அவர் பெட்டிக்குள் ஊதினார். கரி கனன்றது. "பாரிமுனையா? அங்க இஸ்திரிப் பெட்டிக்குக் கட்டக் கைப்பிடி நல்லா கெடைக்கும் யக்கா. அப்படியே ஒண்ணு..."

வண்டி வருகிற சத்தம் கேட்டது. நடையை எட்டிப் போட்டுக்கொண்டே சரி என்று தலையாட்டினேன். கைப்பையைத் திறந்து சீசன் டிக்கெட்டைத் துழாவினால், அடியில் நான்காக மடித்த கட்டைப்பை கிடந்தது. நான் வைத்த ஞாபகம் இல்லை.